வலப்பக்கத்துப் பை

நில அளவை அலுவலகத்தில் அவளை எல்லோரும் டிரேசரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையே அதுதான். பழைய வரைபடத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தாளை விரித்து, அடியில் தெரியும் கோட்டின் மேலேயே கோடு இழுத்து, புதுப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். அவள் இழுத்த கோட்டில் ஒரு வயலின் வரப்புகூட மயிரிழை பிசகியதில்லை என்று ஓய்வு பெற்ற நாளில் மேலதிகாரி மைக் பிடித்துச் சொன்னார். மனிதர் மிகைப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கை ஒரே ஒரு முறை தவறு செய்திருந்தது. அலுவலகத்தில் இல்லை, வீட்டில். அந்தத் தவறைத்தான் ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

'துண்டுச் சீட்டு' என்ற படத்தொடரைச் சொல்கிறேன். காலையில் செய்தித்தாள் வந்ததும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு ஏழாம் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு அது தெரியும். மூன்றே கட்டம். முதல் கட்டத்தில் ஒல்லியான மாமா ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்புவார். வாங்க வேண்டியதை மனைவி எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். இரண்டாவது கட்டத்தில் கடைத்தெருவில் யாராவது அவரைப் பேச்சில் இழுப்பார்கள். மூன்றாவதில் சம்பந்தமே இல்லாத ஒரு பொருளோடு வீடு திரும்புவார். சோப்பு வாங்கப் போனவர் ஏணியோடு வருவார். சீட்டு மடிப்புக் கலையாமல் பையிலேயே இருக்கும். வாசலில் மனைவி நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள், பார்ப்பாள். அவ்வளவுதான்.

வாசகர்கள் அவரைச் சீட்டு மாமா என்றார்கள், அவளை அத்தை என்றார்கள். அத்தையின் அந்தப் பார்வையை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்த வீடுகள் எத்தனையோ. சொன்னதை மறந்துவிட்டு வருகிற புருஷனை வீட்டுக்கு வீடு பெண்கள் சீட்டு மாமா என்றுதான் திட்டினார்கள். திட்டு வாங்கியவர்களும் சிரித்தார்கள்.

தொடங்கி வைத்தவர் அவளுடைய அண்ணன். செய்தித்தாளில், அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை ஒட்டிச் சேர்க்கும் பிரிவில் வேலை. ஒருநாள் பக்கம் முடிகிற நேரத்தில் ஒரு விளம்பரம் ரத்தாகி, மூன்று பத்தி அகலத்துக்கு வெள்ளையாக இடம் விழுந்தது. ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, அண்ணன் அரைமணி நேரத்தில் மூன்று கட்டம் போட்டு ஒரு ஆளை நடக்க விட்டார். மறுநாள் விளம்பரம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. "நேத்து வந்தவர் இன்னிக்கு எங்கே?" என்று கேட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அப்படிப் பிறந்தது அது. முதல் ஏழு வருடம் முழுக்க முழுக்க அண்ணன் கைவேலை. அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. பிடுங்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததும் இல்லை. இதை எழுதுகிற எனக்குத்தான் கை துறுதுறுக்கிறது.

எட்டாம் வருடம் அண்ணன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப்போட்ட கையோடு நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் வந்தார். இடது கக்கத்தில் பழைய படங்களின் கட்டு.

"ஆறு வாரம்தாம்மா. கட்டுப் பிரிச்சதும் நானே பாத்துக்கறேன். படம் வரலேன்னா அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டுருவாங்க. அப்புறம் மாமாவை யாரு திரும்பச் சேப்பாங்க?"

"எனக்குக் கோடு மேல கோடு இழுக்கத்தாண்ணா தெரியும்."

"அது போதும்மா. பழைய படத்து மேல தாளை வச்சு எடு. மிச்சத்தை நான் சொல்றேன்."

அவள் எடுத்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அலுவலகம் கிளம்பும்வரை வரைந்தாள். மூன்றாம் நாள் மாமா திரும்பி வருகிற படம் ஒன்று அந்தக் கட்டுக்குள் சரியாக அகப்படவில்லை. கிளம்பிப் போகிற படம்தான் இருந்தது. அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. போகிற மாமாவைத் தாளில் எடுத்து, தாளைப் புரட்டிப் போட்டு, பின்பக்கம் மை இழுத்தாள். போன மாமா திரும்பி வந்துவிட்டார். தாளைப் புரட்டுவது அலுவலகத்தில் நாளுக்கு நாலு தடவை செய்கிற காரியம். வயலுக்கும் வாய்க்காலுக்கும் சட்டை கிடையாது என்பது மட்டும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மாமாவின் பை எல்லா ஆண்கள் சட்டையையும் போல இடப்பக்கம் இருந்தது. முதல் கட்டத்தில் இடப்பக்கப் பையோடு கிளம்பியவர், மூன்றாவது கட்டத்தில் வலப்பக்கப் பையோடு வந்து நின்றார். அந்த வாரம் பத்திரிகை அலுவலகத்துக்கு முந்நூறு கடிதம் வந்தது. 'மாமா சட்டையை எங்கே கழற்றினார்?' என்று கேட்டிருந்த கடிதங்களை அத்தையிடம் காட்டாமல் இருப்பதே நல்லது.

அண்ணன் வெலவெலத்துப் போய் வந்தார். "மானம் கப்பலேறுதும்மா. என்ன பண்றது?"

பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தவள் அவள்தான். மறுநாள் படத்தில் அத்தை கையில் ஊசியும் நூலும் இருந்தன. மாமாவுக்குத் தன் கையாலேயே ஒரு சட்டை தைத்திருந்தாள், பையை மட்டும் பக்கம் மாற்றி வைத்துவிட்டாள். மாமா அதைப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே சொல்லாமல், நெஞ்சை நிமிர்த்திக் கடைத்தெருவுக்குப் போனார். கேலி செய்தவர்களிடம் பையைத் தட்டிக் காட்டினார். அன்றுதான் அந்தத் தொடரில் முதல் முறையாக அத்தை சிரித்தாள். ஆயிரக்கணக்கான பேர் அந்தப் படத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்த நாளிலும் மாமாவின் பை இடப்பக்கம் போகவில்லை.

ஆறு வாரம் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கூடியது, கை கூடவில்லை. அண்ணன் இழுத்த கோடு புழு ஊர்ந்தது போல நெளிந்தது. ஆறு வாரம் ஆறு மாதம் ஆனது, பிறகு இருபத்தாறு வருடம் ஆனது. முதலில் யோசனை அவருடையது, கோடு அவளுடையது. நாலைந்து வருடத்தில் யோசனையும் மேசை மாறியது. "இந்த வாரம் நீயே ஏதாவது போடும்மா, தலை வலிக்குது" என்பதில் தொடங்கி, தலைவலி சொல்வதும் நின்றுபோனது. வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் வருவார். ஞாயிறு தவிர மற்ற நாட்களுக்கான ஆறு படங்களையும் பார்த்துச் சிரிப்பார். நிஜமாகவே விழுந்து விழுந்து சிரிப்பார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொன்றின் மூலையிலும் தன் கையெழுத்தைப் போடுவார்.

"இது ஒண்ணாவது என் கையில இருக்கட்டும்மா" என்பார்.

அவளுக்கு அது வருத்தமாக இல்லை. அரசாங்க வேலையில் இருப்பவள் வெளியே இன்னொரு வேலை செய்யக் கூடாது, தெரிந்தால் அவள் வேலைக்கு ஆபத்து. பத்திரிகைக்குத் தெரிந்தால் அண்ணன் வேலைக்கு ஆபத்து. இருவருக்கும் தெரிந்தது மூன்றாவதாக ஒருவருக்குத் தெரிந்தது, அவள் கணவருக்கு. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடிச் சில்லைத் தேய்த்துத் தேய்த்துப் பார்வையைச் சரி செய்கிற மனிதர். அத்தையின் முகத்துக்காக மனைவி குளியலறைக் கண்ணாடி முன் நின்று முறைத்துப் பழகுவதைப் பார்த்திருக்கிறார்.

"இன்னிக்குப் பேப்பர்ல அத்தை முறைக்கிறது, நேத்து நான் தண்ணிக் குழாயை மூடாம வந்தப்ப நீ முறைச்சதுதானே?" என்பார்.

"ஆமா. நாளைக்கும் மறந்துடுங்க, ரெண்டு படம் தேறும்."

வேலை செய்கிற இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் அன்றைய படத்தை அவளிடமே கொண்டு வந்து காட்டி விளக்குவார்கள். "புரியுதா டிரேசரம்மா? சீட்டு பையிலயே இருக்கு பாருங்க!" அவள் புரிந்தது போலச் சிரிப்பாள். அந்தச் சமயங்களில் சொல்லிவிட ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ள அவளிடம் ஒரு வாக்கு இருந்தது. அண்ணன் தன் வாயால் கொடுத்தது.

"நீ ரிட்டையர் ஆகற வரைக்கும் பொறுத்துக்கோ. அப்புறம் உனக்கும் பயமில்ல, எனக்கும் பயமில்ல. ஊரைக் கூட்டி வச்சு நானே சொல்றேன், இதெல்லாம் என் தங்கச்சி கைன்னு."

அந்த வாக்கை அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை, கூடப் பிறந்தவர்.

பக்கங்கள் குறைந்து தொடர் நின்றது. அதற்கு அடுத்த வருடம் அவள் ஓய்வு பெற்றாள். இன்னும் இரண்டு வருடம் கழித்துச் செய்தித்தாள்காரர்களுக்கு மாமாவின் நினைவு வந்தது. முப்பத்து மூன்று வருடத்துப் படங்களையும் சேர்த்துத் தலையணை பருமனுக்கு ஒரு புத்தகம், நூலக மாடியில் வெளியீட்டு விழா, சுவர் நிறையப் பெரிதாக்கிய படங்கள். அண்ணன் தொலைபேசியில் சொன்னார்: "முன்னுரையில உன்னைப் பத்தி எழுதியிருக்கேம்மா. இப்ப சொல்ல மாட்டேன். புக்கு கையில வந்ததும் நீயே படிச்சுக்கோ."

கணவர் அன்றைக்கே அவள் கண்ணைச் சோதித்தார். கிட்டப் பார்வைக்குப் புதிதாக ஒரு கண்ணாடி தேய்த்தார். கடைக்கு வந்தவர்களையெல்லாம் மறுநாள் வரச் சொல்லிவிட்டு அதையே தேய்த்தார்.

"இது அந்த ஒரு பக்கம் படிக்கறதுக்குன்னே. வேற எதுக்கும் போட்டுத் தேய்ச்சுடாதே" என்று கொடுத்தார்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. படியேறி மேலே வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. சுவரில் ஆள் உயரத்துக்கு மாமா நின்றார். பையில் ஒவ்வொரு தையலும் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் விரல் நீளத்துக்கு வரைந்ததெல்லாம் இப்படி நிமிர்ந்து நிற்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாற்பது படங்கள் மாட்டியிருந்தார்கள். எண்ணினாள். முப்பத்தொன்பது அவளுடையவை.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தாள். முன்னுரை நாலு பக்கம். முதல் மூன்று பக்கத்தில் அவள் இல்லை. நாலாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இருந்தாள்.

'நிறைவாக, என் தங்கைக்கு நன்றி. ஓவியம் அவருக்கு வராது. ஆனாலும் என் கை ஒடிந்த காலம் தொட்டு, வாரம் தவறாமல் என் படங்களைப் பத்திரமாக உறையிலிட்டுக் கொடுத்து உதவினார்.'

மறுபடி படித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள். கணவரின் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை, எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. மறந்து விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பாள். இது மறதி இல்லை. உட்கார்ந்து, யோசித்து, 'வராது' என்ற வார்த்தையைத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கிறார்.

புத்தகத்தைக் கணவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு எழுந்தார்.

"வா, போலாம்."

"இருங்க. மேடையில சொல்லுவார்."

"இன்னுமா நீ..."

"இருங்கன்னு சொல்றேன்ல!"

மேடையில் அண்ணன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். பேட்டி எடுத்த இளம் நிருபர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். எல்லோரும் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "சார், எட்டாம் வருஷம் மாமாவோட பை வலப்பக்கம் மாறுது. அத்தை தைச்சுக் குடுத்த சட்டை. அந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?"

அண்ணனின் கண் ஒரு கணம் மூன்றாவது வரிசைக்கு வந்தது. இதோ, இதுதான் அந்த நிமிடம் என்று நினைத்தாள் டிரேசரம்மா. கைகள் தாமாகவே புடவையைச் சரி செய்தன.

"இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று தொடங்கினார் அண்ணன். "எங்கம்மாதான் எனக்குச் சட்டை தைப்பாங்க. கடைசிக் காலத்துல கண்ணு தெரியாம, பையைப் பக்கம் மாத்தித் தைச்சுட்டாங்க. அந்தச் சட்டையை நான் போட்டுக்கிட்டு நின்னப்ப அம்மா சிரிச்சாங்க. அந்த வாரமே போயிட்டாங்க. அம்மாவோட அந்தக் கடைசித் தையலைத்தான் நான் மாமாவுக்குப் போட்டுவிட்டேன்."

மண்டபம் விம்மியது. நிருபர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ எழுந்து நின்று கைதட்ட, எல்லோரும் எழுந்தார்கள். உட்கார்ந்தே இருந்தது இரண்டு பேர்.

அவர்களுடைய அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது. அறுந்த பொத்தானுக்குக்கூட ஊக்குதான் குத்துவாள். மாமாவின் பை மாறிய பிறகு நாலு வருடம் கல்லு மாதிரி இருந்தாள். அந்த நாலு வருடமும் யார் வீட்டில் இருந்தாள், யார் கையில் தண்ணீர் குடித்துக் கண்ணை மூடினாள் என்பது அண்ணனுக்குத் தெரியாதா? கையைத்தான் எடுத்துக்கொண்டார் என்று பார்த்தால், அம்மாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அண்ணனே வந்து அவளைக் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். கதவைச் சாத்தினார்.

"அம்மா எப்பண்ணா சட்டை தைச்சாங்க?"

"மேடையில கேட்டாங்கம்மா, வாய்க்கு வந்துச்சு. எல்லாரும் அழுதாங்க, பாத்தேல்ல?"

"அம்மா அதுக்கப்புறம் நாலு வருஷம் எங்க வீட்டுல இருந்தாங்க."

"அதை யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

"ஓவியம் எனக்கு வராதாண்ணா?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபத்திரண்டு வயது முகத்தில் முதல் முறையாகத் தெரிந்தது. "இப்பப் போய் நீதான் வரைஞ்சேன்னு சொன்னா, முதல் ஏழு வருஷத்தையும் சேத்துச் சந்தேகப்படுவாங்கம்மா. எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு? அதுவும் இல்லாம, நீ மை போட்டே. நல்லாத்தான் போட்டே. ஆனா மாமா என்னோட ஆளு."

இருபத்தாறு வருடம் விடிகாலையில் எழுந்ததற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மை போட்டது. தன்னைத் தாளைப் போலப் புரட்டிப் போட்டுவிட்டார் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அவர் மேசையைக் காட்டினார். அதன் மேல் பத்துப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. "வெளியில வாசகர்கள் நிக்கறாங்க. முதல் பக்கத்துல ஒரு மாமா வரைஞ்சு குடுங்கன்னு ஒரே பிடிவாதம். மணிக்கட்டு வலிக்குதுன்னேன், விடல. உள்ள போய்ப் போட்டுட்டு வரேன்னு வாங்கிட்டு வந்துட்டேன். நீ சட்டுனு போட்டுக் குடும்மா. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

பேனாவையும் அவரே திறந்து நீட்டினார். இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் ஒரு கணம் தெரியவில்லை. பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்து மாமா. தொப்பி மாதிரி நிற்கும் முடி, கொக்குக் கழுத்து, பெரிய செருப்பு. மூன்று வருடமாகத் தொடாத கை, ஒரு கோடுகூடத் தயங்கவில்லை. அண்ணன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துச் சிரித்தார், பழைய வியாழக்கிழமைகளில் போலவே. பத்தாவதை முடித்து மூடியைத் திருகி, பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டு அவள் எழுந்தாள்.

"என்னம்மா, பையே போடலியே? சீட்டு எங்கே?"

"அதை மட்டும் உங்களுக்கு விட்டிருக்கேன். வெளிய போய் அவங்க முன்னாடியே போட்டுக் குடுங்க. அம்மா தைச்ச பையாச்சே, நான் எப்படித் தொடறது?"

அண்ணன் பேந்தப் பேந்த விழித்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். பத்திரிகை ஆசிரியர். "சார், வாங்க, வரிசை நின்னுட்டிருக்கு." புத்தகங்களை ஆசிரியரே வாரி எடுத்துக்கொண்டார். பேனா அண்ணன் கையில் இருந்தது.

அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து, படிக்கட்டருகே நின்ற கணவரோடு கீழே இறங்கினாள். பாதி இறங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாரே, நீங்க அவரோட தங்கச்சிதானே? உறையில போட்டுக் குடுத்தவங்க?"

டிரேசரம்மா தலையை ஆட்டினாள். வேறென்ன செய்ய.

"எங்கப்பா இதைத் தினமும் வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருந்தார். இன்னிக்கு அவர் இல்ல. சார் என் கண்ணு முன்னாடி, கை நடுங்க நடுங்க, இந்தப் பையைப் போட்டுக் குடுத்தார். மத்ததெல்லாம் உள்ளயே வரைஞ்சுட்டார். இது மட்டும் எனக்காகவே." பக்கத்தைத் திறந்து காட்டினாள். "ஆனா ஒண்ணு கேக்கணும்னு தோணிச்சு. அவ்வளவு கூட்டத்துல அவர்கிட்ட கேக்க முடியல. அம்மா ஞாபகமா வலப்பக்கம் மாத்தினேன்னு இப்பத்தானே சொன்னார்?"

டிரேசரம்மா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவள் நேர்க்கோடாக வரைந்த சட்டையின் மேல் நெளிந்து நெளிந்து ஒரு கட்டம், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு சீட்டு. கட்டம் மாமாவின் இடப்பக்கம் இருந்தது. எல்லா ஆண்கள் சட்டையையும் போல. முதல் ஏழு வருடமும் இருந்தது போல.

"ஏங்க இப்படி இடப்பக்கம் போட்டார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவர் வரைஞ்சா அங்கதாம்மா வரும்" என்றாள் டிரேசரம்மா.